கவ்வாத்து விழாத மரம்

நிஷாந்தியின் ஞாயிறு வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். மலையில் இருக்கிற எந்த இலையையும் கொண்டுவரலாம், தேயிலையைத் தவிர. பெரணி, கொய்யா, முள்முருங்கை எதுவானாலும் பழைய வெள்ளைச் சேலையில் வைத்துக் கல்லால் தட்டினால் பச்சை அப்படியே துணியில் இறங்கும். அதன் ஓரத்தில் பிள்ளைகள் நூலோட்டுவார்கள். பதினாறு பேர், எல்லோரும் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். நிஷாந்தியும் அப்படித்தான். ஐந்து வயதில் அவளுடைய விளையாட்டே கொழுந்து பறிப்பதுதான். வேறு எதையும் யாரும் காட்டித் தரவில்லை என்கிற கோபம் இன்னும் அவளுக்கு ஆறவில்லை.

வகுப்பு நடப்பது தோட்டத்தின் பழைய பிள்ளைக் காம்பராவில். மலைக்குப் போகிற அம்மாமார் கைக்குழந்தைகளை விட்டுப்போன அறை அது. தோட்டத்துக் கட்டடம் என்கிற உரிமையில் துரை ஒருநாள் படியேறி வந்தார். மேனேஜர் என்று பலகையில் எழுதியிருந்தாலும் லயத்துக்கு அவர் துரைதான்.

“டீச்சர், புதன்கிழமை வெளிநாட்டுல இருந்து தேயிலை வாங்குறவங்க வர்றாங்க. பிள்ளைங்க செஞ்ச துணிய பெக்டரி சுவத்துல தொங்கவிடணும். பெருசா தேயிலை போடுங்க. ரெண்டு இலை, ஒரு மொட்டு.”

“எங்க வகுப்புல தேயிலை இல்லைங்க சார்.”

“அப்ப காம்பராவும் இல்ல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நிஷாந்திக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பிள்ளைகள் தைத்ததை வைத்து இவர் விருந்தாளிக்குப் பவிசு காட்டுவாராம்!

அந்த ஞாயிறு வீம்புக்கென்றே பிள்ளைகளை உச்சிக்கு, கைவிட்டுக் காடாய்ப் போன மலைக்கு, கூட்டிப்போனாள். அங்கே தனுஜா ஒரு பூவோடு ஓடி வந்தாள். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள்.

“டீச்சர், இது என்னா மரம்?”

நிமிர்ந்து பார்த்தாள். மூன்று ஆள் உயரம், கிளையெல்லாம் பூ. அவளுக்கும் தெரியவில்லை. விறகு பொறுக்க வந்திருந்த தனுஜாவின் அம்மா காளியாயி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“தேயிலை டீச்சரம்மா! நா தோட்டத்து வேலைக்குப் பேர் பதிஞ்ச புதுசுல இந்த மலையிலதான் கொழுந்தெடுத்தேன். அப்புறம் கைவிட்டுட்டாங்க. கவ்வாத்து விழல, அதான் இம்புட்டு ஒசரம்.”

பறிக்கிறவர் கைக்கு எட்டவேண்டுமே என்று சில வருஷத்துக்கு ஒருமுறை கத்தியால் குறுக்கே வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. அது நிஷாந்திக்குத் தெரியும். வெட்டாவிட்டால் என்னவாகும் என்று மட்டும் இருபத்தாறு வருஷமாக ஒருநாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

“சட்டத்த மாத்தியாச்சு,” என்றாள். “தேயிலை பறிங்க. இந்த மரத்துல மட்டும்.”

ஒரு முழுச் சேலையில் அந்த மரம் ஏறியது. தட்டும்போது பச்சையாய் இருந்த இலைகள் பொழுது சாய்வதற்குள் செம்பு நிறத்துக்குத் திரும்பின. பூவுக்கு மஞ்சள் நூல் போதாமல் காளியாயி தன் பழைய மஞ்சள் ரவிக்கையைப் பிரித்துக் கொடுத்தாள்.

புதன்கிழமை அந்தச் சேலை பெக்டரி மாடியிலிருந்து தரைவரை தொங்கியது. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். துரை நிஷாந்தியின் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தார்.

“நான் கேட்டது தேயிலை.”

“தேயிலைதான் சார்.”

“இது மரம்!”

“நீங்க வெட்டுறதாலதான் சார் அது செடி.”

“நாளைக்கே காம்பராவ பூட்டிருவேன்.”

“பூட்டுங்க சார். நாங்க மலையில உக்காந்துக்கறோம்.”

அதற்குள் வந்தவர்களில் ஓர் அம்மாள் துணியைத் தொட்டு, இது என்ன மரம் என்று இங்கிலீசில் கேட்டாள். துரை வாயைத் திறக்குமுன் நிஷாந்தி தனுஜாவை முன்னால் தள்ளினாள்.

“இது என்னா மரம்னு கேக்குறாங்க. நீ சொல்லு, நான் இங்கிலீஸ்ல சொல்றேன்.”

தனுஜா துரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“தேயிலை. யாரும் வெட்டாதது.”