ஊதினால் குத்தக் கூடாது

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத் தொடங்கியது. எங்கள் பாடசாலையின் சுற்றாடல் மலருக்கு ‘மின்சாரக் கார் உண்மையிலேயே சுற்றாடலுக்கு நல்லதா?’ என்று இரண்டு பக்கம் கேட்டார்கள். ஆசிரியைகளில் மின்சாரக் கார் ஓட்டுவது நான் மட்டும்தான். உடனே சம்மதித்தேன்.

முதல் வரி: ‘கண்டி ஒரு கிண்ணம். சுற்றிலும் மலை. பஸ் புகை வெளியேற வழியின்றி...’

பொய்யில்லை. என் மகள் லோஜினிக்கு ஏழு வயதில் வீசிங் தொடங்கியது. காலையில் பஸ் நிலையத்தைக் கடக்கும்போது அவள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் சத்தம் வரும். அதனால்தான் ஜப்பானில் ஏற்கனவே ஓடிய ஒரு மின்சாரக் காரை வாங்கினோம். ஒரு கார் மாறியதால் கிண்ணத்தின் புகை குறையவில்லை. அதில் என் புகை இல்லை என்று நினைத்துக்கொள்ள முடிந்தது, அவ்வளவுதான். லோஜினிக்கு இப்போது சுகம். வளர்ந்ததால் வந்த சுகம் என்கிறார் டொக்டர். (இதை மலரில் போட முடியாது.)

2

கட்டுரையின் விடை எனக்குத் தெரியும். பற்றரி செய்வதற்காக எங்கோ பூமியைத் தோண்டுகிறார்கள். மழை பொய்த்த மாதங்களில் நம் மின்சாரத்துக்கு நிலக்கரியும் எண்ணெயும் கூடுதலாக எரிகின்றன. அப்படியிருந்தும், செய்த நாளிலிருந்து கழிக்கும் நாள்வரை சேர்த்துப் பார்த்தால் பெற்றோல் காரைவிட இதுவே மேல். இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன்.

‘கழிக்கும் நாள்’ என்று எழுதிய இடத்தில் பேனா நின்றது.

3

அதனால் கதையாக மாற்றினேன். இரண்டு பேர் வேண்டும். மர்சூக், கெலிஓயாவில் மின்சார வாகனங்கள் திருத்துபவர். ராஜலிங்கம், பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்து வரிசை வீட்டில் இருப்பவர், சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் புல்வெட்ட வருபவர்.

முதல் பிரதி: ‘கடுகண்ணாவை ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. மர்சூக் புதிய பற்றரியைப் பூட்டிவிட்டு, பழையதை எவருக்கும் சொல்லாமல் ராஜலிங்கத்திடம்...’

இல்லை. மர்சூக்கைக் கெட்டவராக்கினால் கதை வழுக்கிக்கொண்டு போகிறது. அதுவே எனக்குச் சந்தேகம்.

கொடுத்தது நான். காற்றடித்தால் லயத்தில் இரண்டு நாளைக்குக் கரண்ட் இருக்காது என்று ராஜலிங்கம் சொல்லியிருந்தார். என் காரின் தளர்ந்த பழைய பற்றரியால் காரை இழுக்க முடியாது, லைட் எரிக்க முடியும். நான் கேட்டதால், மர்சூக் அதிலிருந்து புத்தக அளவில் எட்டுத் தகட்டுப் பெட்டிகளைக் கழற்றி, வயர் பூட்டி, டிக்கியில் வைத்தார்.

“இப்ப நல்லா ஈக்கி டீச்சர். எப்பசரி ஊதிச்செண்டா கை வைக்க வேணாம். குத்தவே ஏலா. வெளிய தூரமா வெச்சிட்டு எனக்கு கோல் எடுக்கச் சொல்லுங்கோ. கேக்குதா? பாடம் நடத்துற ஆக்களுக்கு மத்தவன் சொல்றது காதுல ஏறாதே!”

சிரித்தேன். “ஏறுது மர்சூக். சொல்லிர்றேன்.”

(இந்த உரையாடலை மூன்று பிரதிகளில் வெட்டினேன். இது நான்காவது.)

4

சனிக்கிழமை, பெட்டிகளைக் கொடுக்கும் காட்சி. ‘சொல்ல வாயெடுத்தேன். அப்போது தொலைபேசி...’

தொலைபேசி அடிக்கவில்லை. மழை வரவில்லை. லோஜினி கூப்பிடவில்லை. ராஜலிங்கம் ஒரு பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“இனி புள்ளைங்க குப்பி லாம்பு பொகையில படிக்க வேண்டாங்க டீச்சர்.”

என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்குப் பிடித்திருந்தது. அதன் நடுவில் ஓர் எச்சரிக்கையைப் போட்டுக் கெடுக்க மனம் வரவில்லை. அல்லது மறந்துவிட்டேன். எதுவென்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை பிரதிகள். இன்னும் தெரியவில்லை.

5

ஐந்து மாதம் லைட் எரிந்தது. பிறகு ஒரு பெட்டி ஊதியது.

முன்பே சொல்லியிருக்க வேண்டும், ராஜலிங்கம் மாடு வளர்ப்பவர். ஈரப்புல்லை அளவுக்கு மீறித் தின்ற மாட்டுக்கு வயிறு ஊதும். மிருக வைத்தியர் மலையேறி வருவதற்குள் செத்துவிடும். இடது பக்கம், விலா முடியும் இடத்தில், சரியாகக் குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். அக்கம்பக்கத்து லயங்களிலிருந்து அதற்கு ஆளனுப்புவது அவருக்குத்தான். அப்படிப்பட்ட கையின் முன்னால் ஊதிய ஒன்றை வைத்தால் அது என்ன செய்யும்? தடவிப் பார்த்தது. இடம் தேடியது. கோணி ஊசியை இறக்கியது. குளிருக்காகக் கதவு சாத்தியிருந்தது.

வெள்ளைப் புகை. பிறகு நெருப்பு. பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்தார்கள். (இந்த வரியை மட்டும் நான் ஒருமுறைகூடத் திருத்தவில்லை.)

அவர் உயிரோடு இருக்கிறார். பத்துப் படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். ஆஸ்பத்திரியில் கொடுத்தது நீல இன்ஹேலர், லோஜினி வைத்திருந்த அதே வகை. (குறியீடாக எடுக்க வேண்டாம். ஒரே மருந்து, அவ்வளவுதான்.)

6

நேற்று அவருடைய மனைவி கஜலட்சுமி வந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை.

“வெள்ளிக்கிழம பொலிஸ்ல விசாரணைங்க டீச்சர். இவரு புத்தியில்லாம செஞ்சிட்டாருன்னு எழுதி வச்சிருக்காங்க. எத்தன மாட்டக் காப்பாத்துன மனுசன்! குத்தாதன்னு ஒரு வார்த்த யாராச்சும் சொல்லியிருந்தா குத்தியிருப்பாரா?”

தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

“மர்சூக் நாநாவயும் கூப்பிட்டு விசாரிக்கிறாங்க. அவரு ஒங்ககிட்ட சொல்லி அனுப்புனாராம். இவருகிட்ட கேட்டா, ‘டீச்சர் சொல்லியிருப்பாங்க, என் காதுலதான் விழுந்திருக்காது’ங்கிறாரு. நீங்களே சொல்லுங்க டீச்சர். சொன்னீங்களா, சொல்லலையா?”

7

முடிவு ஒன்று: ‘சொல்லவில்லை’ என்கிறேன். மர்சூக் பட்டறைக்குத் திரும்புகிறார். ராஜலிங்கம் புத்தியில்லாதவர் இல்லை என்று ஆகிறது. நான்...

முடிவு இரண்டு: ‘சொன்னதாகத்தான் ஞாபகம்’ என்கிறேன். ராஜலிங்கம் அதை நம்புவார். தன் காதைத் திட்டிக்கொண்டே மிச்ச நாளைக் கழிப்பார்.

கட்டுரையை இன்று காலை அனுப்பிவிட்டேன். ‘ஆம், நல்லது’ என்று முடித்திருக்கிறேன். சரியான விடைதான்.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரின் கையில் கொடுத்துவிட்டு எழுதியவர் நகர்ந்துகொள்ளலாம். அதற்காகத்தான் இந்த வடிவத்தையே எடுத்தேன் போலிருக்கிறது. கொடுத்துவிட்டு நகர்வது எனக்கு வருகிற காரியம்.

கஜலட்சுமிக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதுவரை இது உங்களிடம் இருக்கட்டும். வைத்திருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊதும். கை வைக்காதீர்கள். கதவைச் சாத்தாதீர்கள். பிள்ளைகளைத் தூரமாக நிறுத்துங்கள்.

உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.