தறிவீட்டுக்குச் சத்தமில்லாத கூலர்

1.
இந்தக் கதை என் டைரியில் இருக்கும் ஓர் அட்டவணையிலிருந்து வந்தது. சேலத்தில் மாலை நேர ஹார்டுவேர் வகுப்பில் என்னோடு படிக்கும் பிரபாகர் ஒருநாள் கேட்டான்: "தங்கச்சிக்குக் கம்ப்யூட்டர் வாங்குறேன். பிராசசர் பெட்டியோட சும்மா வர்ற கூலரே போதுமா, தனியா ஒண்ணு வாங்கோணுமா?"

கூலர் என்றால், பிராசசரின் சூட்டைத் தணிக்க அதன் தலைமேல் மாட்டும் தகடுகளும் விசிறியும். டைரியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பதினோரு வரிகளில் ஒப்பிட்டுக் காட்டினேன். ஒன்பது வரிகளில் தனிக் கூலர் வென்றது. (அவற்றில் ஐந்து, வீடியோவில் எவனோ சொன்னவை. சொன்னவனுக்குப் பின்னால் ஊதா விளக்கு எரிந்தது. அதையே சான்றாக எடுத்துக்கொண்டேன்.)

2.
முதல் தொடக்கம்: 'குமாரபாளையத்தின் தறிக்கூரைகள் மீது காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை—' வேண்டாம். கதிரவனுக்கும் கூலருக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: தீபிகாவுக்குக் கை ஓடவில்லை. சேலைக் கரைக்கு டிசைன் வரைந்து தரும்படி அவள் பெயருக்கே வந்த முதல் ஆர்டர். தறி முதலாளி குமாரசாமி சனிக்கிழமை காலை வரை கெடு வைத்திருந்தார். தவறினால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். கம்ப்யூட்டரோ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சூடேறித் தானாக அணைந்தது.

இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன்.

3.
காரணம், அண்ணன் வாங்கி மாட்டிய கூலர். செங்கல்லை நிறுத்திவைத்தது போன்ற உயரம். ஏழு நிறத்தில் எரியும். அது முட்டியதால் கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைப் போட முடியவில்லை.

"தொறந்தே கெடக்கட்டும் புள்ள, காத்தோட்டமா இருக்கும்" என்றான் பிரபாகர்.

எட்டு விசைத்தறிகள் ஓடும் வீட்டில்! ஒரே வாரத்தில் கூலரின் தகடுகளுக்கு நடுவே பஞ்சுத் தூசி மெத்தையாகப் படிந்தது. பிரஷ்ஷால் தட்டினால் மறுநாளே மறுபடியும் படிந்தது. விளக்கு மட்டும் பஞ்சுக்குள்ளிருந்து ஜோராக எரிந்தது.

"இதை எதுக்குண்ணா வாங்குனே?" தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினாள் தீபிகா.

"சத்தமே வராது புள்ள!" அவனும் கத்தினான்.

"என்னது?"

"சத்தமே வராதுன்னேன்!"

(பிரபாகரை இவ்வளவு மடையனாக எழுதுவது நியாயமா என்று சந்தேகம் வந்து அட்டவணையைப் பார்த்தேன். மூன்றாம் வரி: 'சத்தம் மிகக் குறைவு'. என் கையெழுத்து. அடிக்கோடு வேறு. தறி, பஞ்சு, மூடி எதுவும் பதினோரு வரிகளில் இல்லை.)

4.
முடிவுகள்.

அ) பிரபாகர் தன் தவறை உணர்ந்து, தங்கையிடம்— இப்படியோர் அண்ணனை நான் பார்த்ததில்லை. வரியை அடித்துவிட்டேன்.

ஆ) ஆர்டரை இழந்த தீபிகா கண்ணீருடன்— இதை எழுதுவது சுலபம். அவ்வளவு சுலபமாக வந்ததே அருவருப்பாக இருந்தது.

இ) என்று எழுதும்போது போன் அடித்தது. வெள்ளிக்கிழமை மதியம். தீபிகாதான்.

"அண்ணா, பெரிய கூலரைக் கழட்டிட்டேனுங்க. பெட்டியோட வந்தது பிரிக்காமயே கெடந்துச்சு. அளந்து பாத்தேன், மூடி மூடும். பிராசசர் மேல இருந்த, சூட்டைக் கூலருக்குக் கடத்துற பழைய பசையைச் சுத்தமாத் தொடச்சாச்சு. இந்தக் கூலருக்கு அடியில சாம்பக் கலர்ல பசை தடவியே வந்துருக்குதுங்க. அது போதுமா, மேல வேற பூசோணுமா?"

"அட்டவணையைப் பாத்துட்டுச் சொல்றேனுங்க…"

"அதைத் தூக்கி அடுப்புல போடுங்க. தெரியுமா, தெரியாதுங்களா?"

தெரியாது. பத்து மாதம் வகுப்புக்குப் போனவனுக்குத் தெரியாது.

வாசகரே, இவ்வளவு நேரம் எங்களைப் பார்த்துச் சிரித்தீர்களே, உங்களுக்குத் தெரியுமா? இதோ, போனை உங்கள் பக்கம் நீட்டுகிறேன். சீக்கிரம் சொல்லுங்கள். கூலரைக் கையில் பிடித்தபடி அவள் நிற்கிறாள்.