கட்டம் கட்டமாய் ஓர் ஆயுத பூஜை

அந்த சிமென்ட் ஆலையில் ஆயுத பூஜைதான் எனக்குக் கடைசி நாள். நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இதற்கு முன்பும் சில கடைசி நாட்கள் வந்து, வந்த வழியே திரும்பிப் போயிருக்கின்றன.

என் வீட்டுக்காரர் அசோக்கும் மகள் மேகலாவும் பள்ளிக்கூடம் திறந்தபோதே ஓசூருக்குக் குடிபோய்விட்டார்கள். எனக்கும் அங்கே வேலை கிடைத்துவிட்டது. ஆனால் இங்கிருந்து ரிலீவிங் ஆர்டர் கொண்டுபோனால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஆர்டர் எங்கள் மேனேஜர் அய்யம்பெருமாள் சாரின் டிராயரில், கையெழுத்தெல்லாம் ஆகி, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. சேரும் தேதியை இரண்டு முறை தள்ளிக் கொடுத்த ஓசூர்க்காரர்கள், பூஜை லீவு முடிந்தும் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

அவர் டிராயரைத் திறக்காததற்குக் காரணம் ஒரு ஃபான்ட், கம்ப்யூட்டர் எழுத்துரு. சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு நின்று பல மாதம் ஆகிறது.

எங்கள் கில்ன், அதாவது சுண்ணாம்புக்கல்லை வேகவைக்கும் அந்தப் பெரிய சூளை, இன்றைக்கும் பழைய வெளிநாட்டு வொர்க்ஸ்டேஷன்களை நம்பித்தான் ஓடுகிறது. அவற்றைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. அவை உள் அறையில் இருக்கின்றன. ஆபரேட்டர்கள் தங்கள் மேசையிலுள்ள புதுக் கம்ப்யூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பாக அந்தத் திரையைத் திறந்து பார்ப்பார்கள். அந்தக் கம்பெனி எண், வால்வு, தீச்சுடர் என்று எல்லாவற்றையும் தனக்கென்று ஒரு ஃபான்ட்டாக வரைந்து வைத்திருந்தது. கன்ட்ரோல் ரூம் மூலையில் இருந்த ஒரு பழுப்புப் பெட்டிதான் அந்த ஃபான்ட்டை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அனுப்பும். பெட்டி முரண்டு பிடித்தால் எண் இருக்கிற இடமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். அப்போது கில்ன் எத்தனை டிகிரியில் எரிகிறது என்று கேட்டால், நாலு கட்டம் என்றுதான் சொல்ல முடியும்.

வெளியிலிருந்தே அதைத் தாஜா செய்து வழிக்குக் கொண்டுவர, ஆலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதுதான் வினையாகிப் போனது. நானும் அய்யம்பெருமாள் சாரிடம் கெஞ்சாத நாளில்லை. "சார், அந்தப் பெட்டியோட பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. ஒரு தடவை நிறுத்தி எழுப்பினா, எழும்போதே உள்ள நுழைஞ்சு ஃபான்ட்டை எடுத்துடலாம். எல்லாக் கம்ப்யூட்டர்லயும் நேரா போட்டுட்டா அப்புறம் பெட்டியும் தேவையில்ல, நானும் தேவையில்ல."

"ஓடுற மெஷின்ல கை வெக்கக் கூடாதும்மா" என்பார். அடுத்த வாரம் திரை போகும். சரிசெய்து கொடுப்பேன். உடனே, "பாத்தீங்களா, இப்படி அடிக்கடி போவுது. இந்த நெலமையில உங்கள எப்படி அனுப்புறது?" என்பார். மெஷினையும் நிறுத்த விடமாட்டார், என்னையும் விடமாட்டார். ஜன்னல் இல்லாத அந்த ஏசி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, நானும் இந்தப் பெட்டியோடு சேர்ந்து ஸ்டாக்கில் ஏறிவிட்டேனோ என்று பயந்த நாட்கள் உண்டு.

பூஜையன்று காலையில் கன்ட்ரோல் ரூமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஹவுஸ்கீப்பிங் காத்தாயி அக்கா ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சந்தனம் தொட்டு, சிறுவாச்சூர் கோயில் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். அய்யம்பெருமாள் சார் பட்டு வேட்டியில் நின்று, சரஸ்வதி படத்தை மூலைச் சுவரில் மாட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மத்தியானம் பஸ். அசோக்கும் பாப்பாவும் வேப்பந்தட்டையில் என் அம்மா வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு அப்படியே ஓசூர் போவதாக ஏற்பாடு. உள் அறையில் என் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன்.

"மேடம்! ஓடியாங்க! எல்லாம் கட்டமா வருது!"

கில்ன் ஆபரேட்டர் மாயவனின் குரல். ஓடினேன். வழக்கமாக ஒரு திரை போகும், இரண்டு போகும். அன்றைக்கு அத்தனை திரையிலும் கட்டம். மாயவன் வாக்கிடாக்கியில், கில்னுக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் அங்கேயுள்ள மீட்டரைப் பார்த்துச் சொல்லச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

அய்யம்பெருமாள் சார் என்னைப் பார்த்தார். "நல்ல நாள் அதுவுமா இப்படி ஆவுது. உங்க ஆர்டர் டிராயர்லதான் இருக்கு. ஸ்கிரீன் வரட்டும், எடுத்துத் தரேன்."

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து அசோக் போன் செய்தார். "பெரம்பலூர் வந்துட்டோம். நீ பஸ் ஏறிட்டியா?"

"இன்னும் இல்லங்க."

பக்கத்தில் மேகலாவின் குரல் கேட்டது. பிறகு, "பாப்பா கேக்குறா, ஸ்கிரீன் போயிடுச்சான்னு" என்றார். என் பிள்ளைக்கு அந்தக் கேள்வி மனப்பாடமாகியிருந்தது. வைத்துவிட்டேன், வேறு என்ன செய்ய?

மூலைக்குப் போனேன். பழுப்புப் பெட்டியின் நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் கதம்ப மாலை. அதன் மூச்சுச் சத்தம் மட்டும் இல்லை. சுவரில் பெட்டியின் பிளக் இருக்க வேண்டிய இடத்தில், சரஸ்வதி படத்தைச் சுற்றியிருந்த சீரியல் செட்டின் பிளக் இருந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று பல்புகள் ஓடிப்பிடித்து விளையாடின.

"யாருக்கா இத மாத்துனது?" என்று காத்தாயி அக்காவிடம் கேட்டேன்.

"சார்தான் கண்ணு. வேற பாயின்ட் எட்டலன்னு அவரே புடுங்கி மாட்டுனாரு. சும்மா கெடக்குற பெட்டிதானேன்னாரு."

திரும்பிப் பார்த்தேன். அவர் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஓடுகிற மெஷினில் கை வைக்கக் கூடாது என்று மாதக்கணக்கில் எனக்குப் பாடம் எடுத்த மனிதர், நான் கெஞ்சிய பெட்டி எதுவென்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. கத்தியிருப்பேன். ஆனால் அதற்குள் எனக்கு வேறொன்று உறைத்தது. இந்தப் பெட்டி இப்போது நின்றிருக்கிறது. நான் கெஞ்சிக் கேட்டும் நடக்காததைச் சரஸ்வதி பூஜை நடத்திவிட்டது.

பிளக்கை மாற்றிப் பெட்டியை எழுப்பினேன். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு தடவைகூட நிற்காத டிஸ்க். கரகரவென்று இழுத்து, ஒரு முறை முனகி, சுழல ஆரம்பித்தது. அது முழுசாக எழுவதற்கு முன்பே பாதியில் நிறுத்திப் பிடித்தேன்.

"என்னம்மா நிக்குது? சீக்கிரம் விடுங்க" என்றார் சார் பின்னாலிருந்து.

"கொஞ்சம் இருங்க சார்."

"கில்ன் கண்ணு தெரியாம ஓடிட்டிருக்கு. இருங்கன்னா என்ன அர்த்தம்?"

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அப்படியே எழ விட்டால் பாஸ்வேர்ட் கேட்டு மறுபடி பூட்டிக்கொள்ளும். அவர் கத்தக் கத்தப் பழைய பாஸ்வேர்டைத் துடைத்தேன். இரண்டு முறை தப்பாக அடித்து, அழித்து, திரும்ப அடித்தேன். மாயவன் வாக்கிடாக்கியில் வந்த எண்களைக் கையில் எழுதிக்கொண்டே ஒப்பேற்றினார். அப்புறம்தான் பெட்டியை முழுசாக எழ விட்டேன்.

கட்டங்கள் கரைந்து எண்கள் வந்தன. எல்லோரும் கை தட்டினார்கள். "வெற்றிச்செல்வின்னு சும்மாவா பேரு வெச்சாங்க" என்று சார் என்னைப் பாராட்டிவிட்டு, கேட்டில் பூசணிக்காய் உடைக்கக் கூட்டத்தை அழைத்துக்கொண்டு போனார். டிராயர் சாவியும் அவர் இடுப்பிலேயே போனது.

மாயவனும் நானும் மட்டும் அறையில் இருந்தோம். பெட்டியைத் திறந்து ஃபான்ட்டை எடுத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து போட்டேன். வெளியே பூசணிக்காய் உடைகிற சத்தமும் சாம்பிராணி வாசமும் கதவிடுக்கில் வந்தன. கடைசிக் கம்ப்யூட்டரை முடிக்கும்போது அய்யம்பெருமாள் சார் பொரிகடலைத் தட்டோடு வந்தார், பின்னாலேயே காத்தாயி அக்காவும்.

"எடுத்துக்குங்கம்மா. தீபாவளி வரைக்கும் இருந்துட்டுப் போயிடுங்க. மறுபடி போச்சுன்னா யாரு பாக்குறது?"

எனக்கு இது தெரியும். வார்த்தைக்கு வார்த்தை தெரியும். இனி வாயால் பேசிப் பயனில்லை என்று பொரிகடலையை வாங்கி மேசையில் வைத்தேன். நேராக மூலைக்குப் போய்ப் பழுப்புப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஏய், ஏய்! என்ன பண்றீங்க!" தட்டிலிருந்து கடலை சிதறியது.

"மாயவன் அண்ணே, ஸ்கிரீன்ல வேற பக்கத்துக்கு மாத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

மாயவன் ஒரு கணம் சாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் மாற்றினார். திரை வெள்ளையாகி ஒரு நொடி அப்படியே நின்றது. அந்த நொடியில் நான் ஓசூரை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

எண்கள் வந்தன. தீச்சுடரும் வந்தது. மாயவன் ஒவ்வொரு பக்கமாக மாற்றிக்கொண்டே போனார், ஒரு கட்டம்கூட இல்லை.

நான் குனிந்து, அந்தப் பிளக் இருந்த இடத்தில் சீரியல் செட்டை மாட்டினேன். "நீங்க வெச்ச மாதிரியே எரியட்டும் சார். இனிமே எடுக்க வேண்டியதில்ல."

அவர் முகம் பல்புகளுக்கு ஏற்பச் சிவந்து பச்சையாகிக்கொண்டிருந்தது. காத்தாயி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சார் இடுப்பிலிருந்து டிராயர் சாவியை எடுத்தார்.

ஆர்டரோடு கேட்டைத் தாண்டிப் பஸ் ஏறிய பிறகுதான் அசோக்குக்குப் போன் செய்தேன். பாப்பாதான் எடுத்தாள்.

"ஸ்கிரீன் வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சுடா."

"மறுபடியும் போயிடுமா?"

"போனா போவட்டும்டி," என்றேன். "நான் வந்துட்டிருக்கேன்."