மணிக்கூண்டு வளைவு

ஆய்வகத்தில் தீப்பிடித்து, புகை வராந்தா வரை வந்துவிட்டது. வெளியேற மிக அருகில் இருந்த வழி மணிக்கூண்டு வளைவு. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதன் முன்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகும் பன்னிரண்டாம் வகுப்பினர் மட்டுமே அதில் நடக்கலாம். மற்றவர்கள் நுழைந்தால் மெட்ரிக்கில் தேறமாட்டார்கள் என்பது எங்கள் பள்ளியின் பழைய நம்பிக்கை.

“மிஸ், நாங்க ஃபெயிலாயிடுவோமே!”

“ஆகித் தொலைங்க! முதல்ல உயிரோட வெளிய போங்க!” என்று கத்திக்கொண்டே பிடித்துத் தள்ளினேன்.

புல்வெளியில் எண்ணிப் பார்த்தால் நொக்வாஸி என்ற மாணவியைக் காணோம். தீயணைப்பு வண்டி தொலைவிலுள்ள டர்பன் நகரத்திலிருந்து வரவேண்டும். நானே உள்ளே ஓடத் திரும்பியபோது, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அவள் வந்தாள். முகமெல்லாம் கரி. பிளேசரால் வாயைப் பொத்தியபடி இருமினாள்.

“ஆய்வகத்துப் பக்கத்துல இருக்கற பின்வாசல் வழியா வந்தேன், மிஸ். வளைவுல கால் வைக்கல.”

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். பின்னால் யாரோ கைதட்டினார்கள். எங்கள் தலைமையாசிரியர் வெஸ்ஸல்ஸ், இதே பள்ளியில் படித்தவர்.

“பாருங்க பிள்ளைங்களா, இவதான் நம்ம பள்ளிக்கூடத்துப் பொண்ணு!”

உயிரோடு வந்து நின்ற மற்ற பிள்ளைகள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள்.