தொட்டியில் பிழைத்த பாக்டீரியா

தொட்டி நீரைத் தெளித்த ஆய்வகத் தட்டில் வளர்ந்திருந்த பாக்டீரியா எழிலரசி உருவாக்கியது அல்ல. ஆனாலும் அதைச் சுற்றி நீலச் சாயம் வெளுத்திருந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியில், சாயத்தைத் தின்னும் பாக்டீரியாவை அவள் வேலை பார்க்கும் சிறு நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்தது. தின்னும் திறனைத் தரும் மரபணு வேறு பாக்டீரியாவுக்குத் தாவிவிடக் கூடாது. அதற்காகவே அதை ஒட்டி ஒரு நச்சு மரபணுவைச் சேர்த்திருந்தாள். நச்சுக்கு முறிமருந்து அவளுடைய பாக்டீரியாவிடம் மட்டும் இருந்தது. வேறெது அந்த மரபணுக்களை வாங்கிக்கொண்டாலும் செத்துப்போக வேண்டும். இது சாகவில்லை.

ஸ்ரீநாத்தின் நினைவுதான் முதலில் வந்தது. அவளோடு இதே ஆய்வில் இருப்பவன். "அந்த நச்சாலதான் வளர்ச்சி மந்தமா இருக்கு. அதை எடுத்துட்டா வேலை சீக்கிரம் முடியும்" என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னவன்.

மதியமே தொட்டிக்குப் போனாள். பம்ப் ஓட்டும் அப்பாவு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஆளுங்க யாராச்சும் வந்தாங்களாண்ணே?"

"ஸ்ரீநாத் சாரு வந்தாரும்மா. பாட்டில வச்சிகினு இன்னாவோ பண்ணிகினு இருந்தாரு. உன்னாண்ட சொல்லலியா?"

"சொன்னாரு" என்றாள். அவன் சொல்லியிருக்கவில்லை.

தட்டில் இருந்ததை யாருக்கும் தெரியாமல் வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினாள். அதன் டி.என்.ஏ.வை வரி வரியாகப் படித்துச் சொல்வார்கள். முடிவு வரும்வரை ஸ்ரீநாத்தோடு எப்போதும் போல ஒரே மேசையில் சாப்பிட்டாள். அவன் போனைக் கவிழ்த்து வைத்தால்கூட மனம் எதையோ கணக்குப் போட்டது. அவனும் அவளிடம் அதிகம் பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று எண்ணிக்கொண்டாள்.

முடிவு வந்தது. நச்சு மரபணுவை யாரும் வெட்டி எடுத்திருக்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று அதன் நடுவில் போய் உட்கார்ந்து அதைச் செயலிழக்க வைத்திருந்தது. பாக்டீரியாக்களுக்குள் இயல்பாகவே நடப்பதுதான். அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீநாத்திடம் போனாள்.

அவன் படித்துவிட்டுத் தன் திரையை அவள் பக்கம் திருப்பினான். அதே முடிவு. அவனும் தனியாக அனுப்பியிருக்கிறான்.

"தொட்டியில வேற ஒண்ணு சாயத்தைத் தின்னுட்டிருந்ததை நானும் பாத்தேன். நீங்க போட்ட நச்சுப் பூட்டு வேலை செய்யல, அதை மறைக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"நச்சை நீங்க எடுத்துட்டீங்கன்னு நான் நெனச்சேன்."

அன்றே பம்பை நிறுத்தச் சொல்லி, தொட்டி முழுக்கக் குளோரின் கொட்டினார்கள். தொட்டி நீர் போய்ச் சேரும் வெளிக் கால்வாய் நீரை இருவரும் தனித்தனிப் பாட்டிலில் எடுத்துத் தனித்தனியாகச் சோதித்தார்கள். அதில் சாயம் தின்னும் மரபணு இல்லை. அடுத்த பாக்டீரியாவில் ஒன்றுக்கு இரண்டாக நச்சு மரபணுக்களை, ஒன்று பழுதானாலும் மற்றது கொல்லும்படி, தள்ளித் தள்ளி வைத்தார்கள். வளர்ச்சி இன்னும் மந்தமாகும் என்று தெரிந்தும் இரண்டாவதைச் சேர்த்தவன் ஸ்ரீநாத்தான்.

இனித் தொட்டிக்கு இருவரும் சேர்ந்தே போவது என்று முடிவானது. பாட்டில் மட்டும் அப்போதும் ஆளுக்கொன்று.