டோரீனின் பக்கம்

"முதல்ல அவரை எடுங்க. எனக்கு அவசரம் இல்ல," என்றாள் டோரீன்.

இயக்குநர் ஹெட்டி நெஞ்சில் கை வைத்தாள். "உங்க மனசு யாருக்கும் வராது."

லீட்ஸ் நகருக்கு வெளியே, பழைய கம்பளி ஆலைக்குள் போட்டிருந்த சமையலறை அரங்கு. காட்சியில் மகனைப் பறிகொடுத்த தாய் டோரீன். விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரி டெஸ்மண்ட். ஒருவர் முகத்தை எடுத்து முடித்த பிறகே கேமராவைத் திருப்பி அடுத்தவரை எடுப்பார்கள். அதுவரை கேமராவுக்குப் பின்னால் இருப்பவர் கையில் வசனத்தாள் இருந்தால் யாரும் எதுவும் நினைப்பதில்லை. டோரீன் வைத்திருந்தாள்.

தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் மதுக்கடைக்காரியாக வந்தவள். அதற்கு முன் சில படங்கள். ஒரு முறை படித்தால் போதும் என்று பேர் எடுத்தவள். ஏப்ரலிலிருந்து சொற்கள் மனதில் நிற்பதில்லை. வெளியே தெரிந்தால் யாரும் காரணம் சொல்லமாட்டார்கள். வேலைக்கு அழைத்துத் தொலைபேசி அடிக்காது, அவ்வளவுதான்.

டெஸ்மண்டின் பக்கம் எடுத்து முடிந்தது. வழக்கமாக, முடிந்ததும் தன் ஓய்வு வண்டிக்குப் போய்விடுவார். அவர் கேள்விகளை உதவியாளர் யாராவது படிப்பார்கள். இன்று நாற்காலியை விட்டு எழவில்லை.

"டீ ஆறிடுமே, டெஸ்மண்ட்," என்றாள் டோரீன்.

"அந்த டீ ஆறினா என்ன, ஆறாட்டி என்ன."

அவள் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டார்கள். கேமரா ஓடியது.

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"செவ்வாக்கிழம. வேலைக்குக் கெளம்பும்போது."

அதற்கு மேல் வசனம் வரவில்லை. துக்கம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"சாப்பிடாமலா போனான்?"

தாளில் இல்லாத கேள்வி.

"சாப்பிடாமத்தான் போனான்."

"ஃப்ரிட்ஜைத் திறந்து போட்டதுக்குத் திட்டினீங்களோ?"

"திட்டினேன். அதுக்குப் போய்த் திட்டினேன்."

அவளுடைய வசனத்தைத் தன் கேள்விக்குள் வைத்து நீட்டினார். எடுத்துக்கொண்டாள். கடைசிவரை அப்படியே.

"கட்," என்ற ஹெட்டியின் கண்கள் நனைந்திருந்தன. "டோரீன், அற்புதம். ஆனா டெஸ்மண்ட், உங்க கேள்வியெல்லாம் எங்கயோ போச்சே? சரி, முன்னாடி உங்க பக்கம் எடுத்தப்போ பேசினதை வெச்சு ஒட்டிக்கலாம்."

"வயசாச்சும்மா. மறந்துபோகுது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டோரீன் சிரிக்கவில்லை.

தேநீர் வண்டியருகே அவர் குரலைத் தாழ்த்தினார். "எவ்வளவு நாளா?"

"எது?"

"டோரீன்."

கோப்பையைப் பார்த்தாள். "ஏப்ரல்லேருந்து."

"யாருக்குத் தெரியும்?"

"இப்ப உங்களுக்கு."

"நாளைக்கும் என்னையே முதல்ல எடுக்கச் சொல்லுங்க."

"நாளைக்கு உங்களுக்கு வேலை இல்ல. நான் மட்டும்தான். மூணு பக்க வசனம்."

அவர் பக்கத்து அரங்கைத் திரும்பிப் பார்த்தார்.

அங்கே விளக்கு போட்டிருந்தார்கள். காலி அறை, ஒரு சன்னல். மறுநாள் டோரீன் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பெண் மண்டியிட்டு மஞ்சள் நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரே குறிதான்; பக்கத்தில் வேறு யாருக்கும் இல்லை. நாடாவைப் பல்லால் அறுத்துவிட்டு, ஓரங்கள் எழாதபடி கட்டைவிரலால் அழுத்தினாள்.