சங்கிலி அறுந்த மத்தியானம்

சபைச் செயலாளர் ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆராதனை நடக்கும்போதுகூட மைக்செட்காரருக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே நடந்துகொண்டேயிருப்பார். எல்லோரும் கண்ணை மூடும் நேரம்தான் அவருக்குக் காணிக்கைப் பைகளைச் சரிபார்க்கத் தோதான நேரம். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு லாரி அலுவலகத்தில் வண்டிகளை அனுப்பும் வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் எந்த மரத்தடியில் தூங்குகிறான் என்பதெல்லாம் விரல்நுனியில். சபையையும் அதே விரல்நுனியால்தான் ஓட்டினார். "நம்ம செயலாளர் பரலோகம் போனா, அங்க இருக்கிற தூதர்களுக்கும் ஷிப்ட் போட்டுடுவார்" என்று போதகர் ஒருமுறை மேடையில் சொன்னார். கிண்டலாகத்தான் சொன்னார். செயலாளர் அதை நற்சான்றிதழாக எடுத்து மனசுக்குள் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்.

அப்பேர்ப்பட்டவருடைய அக்காவுக்கு இருதய ஆபரேஷன்.

தாயில்லாப் பிள்ளையாக நின்றவரைத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பி, அடித்து, அணைத்து, ஆளாக்கியவள் அக்காதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் அவர் போனைப் பிடித்திருந்தார்.

"தம்பி, எனக்காக ஜெபம் பண்ணுடா."

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டே? சபையையே இறக்கிடுறேன் பாரு."

"சபை கிடக்கட்டும். நீ பண்ணு. என்னை உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி, நீ தனியா உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் பண்ணு, போதும். எனக்குப் பயமா இருக்குடா."

"அஞ்சு நிமிஷமா! காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் விடாம ஓடவைக்கிறேன். நீ கவலையை விடு."

"ஓடவைக்க வேண்டாம்டா, நீ..." என்று அக்கா இழுத்தாள். அதற்குள் போன் அடித்தது. அவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். ஆனாலும் போகிற போக்கில், "சரிக்கா, கட்டாயம் பண்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

சபையின் வாட்ஸ்அப் குழுவில் சங்கிலி ஜெபம் என்று அறிவிப்பு வந்தது. வீட்டுக்கு அரைமணி நேரம். ஒரு வீட்டார் முடித்ததும் அடுத்த வீட்டைப் போனில் கூப்பிட்டு, "ஒப்படைக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அவர்கள், "பெற்றுக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும். பிறகு இரண்டு பேருமே செயலாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். ஆலய அலுவலக அறையின் வெள்ளைப்பலகையில் கட்டம் போட்டு, பச்சை மையால் 'கிளம்பியது' என்றும் சிவப்பு மையால் 'சேர்ந்தது' என்றும் குறிக்க ஏற்பாடு செய்தார். லாரி அலுவலகத்துக்கு ஒருநாள் லீவு. பலகையின் உச்சியில் 'ஒருங்கிணைப்பாளர்' என்று அவர் பெயர் இருந்தது. கட்டங்களுக்குள் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிந்தைய கட்டத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. கண்ணைச் சொருகும் நேரம். பரிசுத்தவான்களுக்கும் அந்த நேரத்தில் ஒரு தலையணை தேவைப்படுகிறது. வேறு வழியில்லாமல் அதில் தன் மனைவியைப் போட்டார். போடும்போது அவருக்கே கை கூசியது. கல்யாணமான புதிதில் இவள் வைத்த குழம்பைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை சொல்ல, இவள் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்ல, அன்றிலிருந்து நாத்தனாருக்கும் இவளுக்கும் மூன்றாவது வார்த்தை கிடையாது. 'ஜெபம் பண்றாளோ இல்லையோ, போனையாவது எடுத்துச் சொல்லுவா' என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஆபரேஷன் நாள் காலையில் சங்கிலி புறப்பட்டது.

"டாக்டர், உங்ககிட்ட சேர்ந்தாச்சா?" என்று பல் டாக்டரைக் கேட்டார்.

"நான் ஜெபத்துலதான் இருக்கேன் பிரதர். கை மட்டும் பேஷண்ட் வாயில இருக்கு."

சிவப்பு மையால் குறித்தார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தன் அரைமணி நேரம் முழுவதையும் அடுத்த வீட்டுக்குப் போன் போடுவதிலேயே செலவழித்திருந்தார். "லைன் கிடைக்கவே இல்லையே ஐயா, எப்ப பார்த்தாலும் பிஸின்னு வருது" என்றார். அடுத்த வீட்டுக்காரர் அந்த அரைமணி நேரமும் இவருக்குத்தான் போன் போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் ஒருவகை விடாமுயற்சிதானே என்று செயலாளர் இரண்டு கட்டத்தையும் குறித்தார். குழுவில் கைகூப்பிய படங்கள் மழையாகக் கொட்டின. பலகையில் பச்சையும் சிவப்பும் மாறிமாறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கண் கலங்கியது. எப்பேர்ப்பட்ட ஏற்பாடு! இடையிடையே, 'நாம அக்காவுக்காக இன்னும் உட்காரலையே' என்று ஒரு நினைப்பு எட்டிப்பார்த்தது. இந்தக் கட்டம் முடியட்டும் என்று அதை வரிசையில் நிறுத்திவைத்தார்.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் கட்டட கான்ட்ராக்டர் கூப்பிட்டார். பின்னால் கலவை இயந்திரம் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"பிரதர், உங்க வீட்டம்மா போனை எடுக்கல. நான் ஜெபத்தை யார்கிட்ட ஒப்படைக்கிறது? கையிலேயே வெச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"திரும்பப் போடுங்க."

"போட்டுப் பார்த்துட்டேன், ஆஃப்ல இருக்கு. இங்க கான்கிரீட் வேற இறுகுது."

செயலாளரும் போட்டுப் பார்த்தார். ஆஃப்தான். குழுவுக்குள் ஒருவர், 'சங்கிலி அறுந்துவிட்டதா?' என்று கேட்டார். இன்னொருவர் அழுகிற முகத்தைப் போட்டார். வேறொருவர், 'எந்த வீட்டில்?' என்று கேட்டார். கேட்டவருக்குப் பதில் தெரியும் என்பது அந்தக் கேள்வியிலேயே இருந்தது. மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. செயலாளர் ஸ்கூட்டரை உதைத்தார்.

வீட்டுக்கதவு தாழ் போடாமல் வெறுமனே சாத்தியிருந்தது. தொட்டியில் சாப்பிட்ட தட்டுகள் கழுவாமல் கிடந்தன. மனைவியின் போன் குளிர்பதனப் பெட்டியின் தலையில் உயிரில்லாமல் இருந்தது. 'தூங்குகிறாள்!' என்று படுக்கையறைக் கதவைத் தள்ளினார்.

அவள் கட்டிலோரம் முட்டிபோட்டிருந்தாள். மடிக்காத துணிக்குவியலில் முழங்கைகள் புதைந்திருந்தன.

"ஏய், என்ன பண்ணிட்டிருக்கே? ஊர் பூரா நாறுது! போனை எதுக்கு அணைச்சே?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "என் நேரம் இன்னும் முடியல. வெளியில நில்லுங்க."

தன் வீட்டிலேயே, தன் படுக்கையறைக்கு வெளியே, மேலதிகாரி அறைவாசலில் நிற்பவரைப்போலச் செயலாளர் நின்றார். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. மேடைக்குரல் இல்லை, கடைக்காரரிடம் கணக்குத் தீர்க்கிற குரல்.

"ஆண்டவரே, அந்தம்மா என்னைப் படுத்தின பாடு உமக்கே தெரியும். நான் ஒண்ணையும் மறக்கல. நீரும் மறந்திருக்க மாட்டீர். ஆனா இன்னைக்கு அதைக் கையில எடுக்காதேயும், அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கிற வழக்கு. அவங்களுக்கு மயக்க மருந்துன்னா பயம். கண்ணை மூடினா மறுபடி திறக்க மாட்டோமோன்னு பயம். கண்ணை மூடுற அந்த நேரத்துல கையை விட்டுடாதேயும். நான் கோபமா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டே அவங்க போயிடக் கூடாது. திருப்பி அனுப்பும். மீதிச் சண்டையை நாங்க போட்டுக்கிறோம்."

செயலாளர் திகைத்துப்போனார். அக்காவுக்கு எதற்குப் பயம் என்பது அவருக்கே தெரியாது. அவர் கேட்கவேயில்லை.

அப்போது கையிலிருந்த போன் அதிர்ந்தது. அக்கா!

"தம்பி, கூட்டிட்டுப் போக வந்துட்டாங்க. நர்ஸம்மா போனைக் கேக்குறாங்க. எனக்காக ஜெபம் பண்ணினியாடா?"

"காலையிலேர்ந்து சங்கிலி ஓடுதுக்கா. ஒவ்வொரு வீடா..."

"வீட்டை யார்ரா கேட்டா? நீ பண்ணினியா?"

பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது. உள்ளே அவள் இன்னும் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் கேட்கும் இடத்தில் பொய் வெளியே வர மறுத்தது.

"இல்லக்கா. இன்னும் பண்ணல."

"தெரியும். அதான் நேத்து உன் பொண்டாட்டிக்கே போன் போட்டேன்."

"நீயா? அவளுக்கா?"

"ஆமா. 'என்னை நீ மன்னிக்கலேன்னாலும் பரவாயில்ல, ஜெபம் மட்டும் பண்ணும்மா, எனக்கு மயக்க மருந்துன்னா பயம்'னேன். 'சரி அண்ணி'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா. திமிர் பிடிச்சவதான். ஆனா சொன்னாச் செய்வா." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "சரி, நீ இப்பப் பண்ணு. போன்லயே பண்ணு."

செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அன்பின் பரம தகப்பனே, இந்த நல்ல மத்தியான வேளையிலே, எங்கள் அழைப்பை ஏற்று இங்கே திரளாகக் கூடிவந்திருக்கிற..."

"டேய், இங்க யாருடா திரளா கூடியிருக்கா? நானும் நர்ஸும்தான் இருக்கோம். அவங்களும் அவசரத்துல நிக்கிறாங்க."

அவர் நின்றுபோனார். எத்தனையோ கூட்டங்களைத் திறந்துவைத்த ஜெபம், எத்தனையோ விருந்துகளை முடித்துவைத்த ஜெபம். ஆள் இல்லாத இடத்தில் அதை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நடையிலேயே, செருப்புக் காலோடு, முட்டிபோட்டார்.

"ஆண்டவரே," என்றார். "எங்க அக்கா."

அதற்குமேல் வண்டி நகரவில்லை.

"ஆமென்" என்றாள் அக்கா. "போதும்டா தம்பி. வெச்சுடறேன்."

வைத்த மறுகணமே போன் திரும்பக் கத்தத் தொடங்கியது. கான்ட்ராக்டர், அடுத்த வீட்டுக்காரர், கடைசியில் போதகரே. சங்கிலி எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும்.

உள்ளேயிருந்து மனைவி சொன்னாள்: "ஏங்க, அங்க முனகிட்டு இருக்கிறதுக்கு உள்ள வந்து முனகுங்க. அதை வெளியில போட்டுட்டுக் கதவைச் சாத்துங்க."

போதகரின் பெயர் மின்னிக்கொண்டிருந்த போனைச் செயலாளர் அழுக்குத்துணிக் கூடைக்குள் போட்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கட்டிலோரம் இரண்டு பேருக்கு இடமில்லை. மனைவி கண்ணைத் திறக்காமலே துணிக்குவியலை ஒரு பக்கமாகத் தள்ளினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சங்கிலியில் பங்கெடுத்த ஒவ்வொரு வீட்டாருக்கும் ஞாயிற்றுக்கிழமை மேடையிலிருந்து பல் டாக்டர் பெயர் சொல்லி நன்றி வாசித்தார். சங்கிலி அறுந்த அந்த ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட்டார்.